எட்டுக் கொட்டகையில் ஈரத் துண்டு

என் அக்கா மகள் லாஸ்யா பாட்டுக்காரி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுவாள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக்கடை மாடியில் நடந்த முதல் கச்சேரிக்குப் பதினொரு பேர் போயிருந்தோம். ஒன்பது பேர் சொந்தம், இரண்டு பேர் காபி குடிக்க வந்தவர்கள். தாய்மாமன் என்ற பாவத்துக்கு நான் முன்வரிசை. நாலாவது பாட்டு முடிந்ததும் அவள் அப்பா அழகிரிசாமி என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, பாட்டு எப்பத் தொடங்கும்?"

அவர் மோட்டார் பம்பு கம்பெனி நடத்துகிறவர். தீபாவளிக்குள் பேர் வராவிட்டால் பாட்டை மூட்டை கட்டிவிட்டுக் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். லாஸ்யா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு எழுதினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணின் பாட்டில் ஒரு வரியாவது இவர் காதில் ஏறியிருக்குமா?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லாஸ்யா கைப்பேசியைக் காட்டினாள். 'ஈரத் துண்டு' என்ற அவளுடைய பாட்டு பத்தே மாதத்தில் ஒன்பது லட்சம் முறை கேட்கப்பட்டிருந்தது. அத்தனையும் வெள்ளகோவில் பக்கம். ஒரு பெயர் தெரியாத ரசிகர், தோட்டத்து விலாசம் கொடுத்து, "ஒருக்கா வந்து போங்க" என்று எழுதியுமிருந்தார்.

அழகிரிசாமி ஆடிப்போனார். ரசிகர்களை வெறுங்கையோடு பார்க்கலாமா? பழம், வெற்றிலை பாக்கு, பட்டுச் சேலை எல்லாம் தட்டில் வைத்து, பெண் கேட்கப் போவதுபோல் காரில் கிளம்பினோம்.

விலாசத்தில் இருந்தது கறிக்கோழிப் பண்ணை. எட்டுக் கொட்டகை, கொட்டகைக்கு ஒரு பழைய கைப்பேசி. எட்டிலும் இராப்பகலாக லாஸ்யாவே பாடிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவை நாற்பதாயிரம் கோழிகள். அங்கே வேலை செய்யும் தெய்வாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விவரம் சொன்னார். வரச்சொல்லி எழுதியவரும் அவர்தான்.

"கோழி சத்தத்துக்கு மெரளாம இருக்கோணும்னு பாட்டுப் போட்டு வெக்கறதுங்க. மத்த பாட்டுல திடீர்னு கொட்டு வருதுங்க. கோழி மெரண்டு மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துப்போவுது. அம்மிணி பாட்டுல அப்படி ஒண்ணுமே வாரதில்லீங்க."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கோழிகள் நிஜமாகவே ரசித்துக்கொண்டிருந்தன. லாஸ்யாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"திங்கக்கிழமையிலிருந்து கம்பெனிக்கு வந்தர்றேன்ப்பா" என்றாள்.

அழகிரிசாமி பதில் சொல்வதற்குள் தெய்வாத்தாள் குறுக்கே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணு கேக்கோணுங்க. பாட்டுல அவரு குளிச்சுப்போட்டு ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடறாரு. கேட்டா, தானாக் காயும்கிறாரு. கடைசில அதை எடுத்துக் காயப்போட்டாரா இல்லீங்களா? பத்து மாசமாக் கேக்கறேன், அதைச் சொல்லாமயே முடிச்சுப்போட்டீங்களே!"

லாஸ்யா நிமிர்ந்தாள்.

"இல்லீங்க. போடவே இல்லீங்க."

"நெனச்சேன்" என்றார் தெய்வாத்தாள். "எங்கூட்டுக்காரரும் அப்படித்தானுங்க. அந்த எடம் வாரப்பெல்லாம் தீவனத்தைக் கீழ வெச்சுப்போட்டு நின்னுருவேன்."

லாஸ்யா அழுதுவிட்டாள். சொல்வதற்கென்ன, நானும்தான்.  அழகிரிசாமி காருக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து, இரண்டு கையாலும் தெய்வாத்தாளிடம் நீட்டினார்.

 திரும்பும்போது காங்கேயம் தாண்டியதும் அழகிரிசாமி திடீரென்று காரை ஓரம் கட்டினார்.

"ஏம்மிணி, யாரு கண்ணு அந்தத் துண்டுக்காரன்?"

லாஸ்யா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த பாட்டுல வருவாருப்பா."

அவர் காரைக் கிளப்பினார்.

"அப்பத் திங்கக்கிழமை கம்பெனிக்கு வராண்டாம்" என்றார். "மொதல்ல அதை எழுதி முடி."