புஷ் மாற்றப்போன வேன்

இருபத்தாறு வருடம் செய்தித்தாள் கட்டுகளை ஏற்றி வேன் ஓட்டியவர் அவர். பத்திரிகையை மூடியபோது அந்தப் பழைய வேன் மட்டும் அவரிடம் மிஞ்சியது. இப்போது அதில் ஒரே சவாரி, முதுகெலும்பு தேய்ந்துபோன அவருடைய மனைவிதான். அவளால் உட்கார முடியாது. பின்னால் மெத்தை விரித்துப் படுக்க வைத்து வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் தூக்கிப் போட, அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

சஸ்பென்ஷனில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டன, மாற்றினால் சரியாகும் என்றான் மெக்கானிக்கான மச்சினன். அந்தக் காலத்து வேனுக்குப் புஷ் தேடிப் பிடிக்கவே நான்கு மாதம் ஆனது. துருவேறிய போல்ட்டுக்கு எண்ணெய் ஊற்றி, நெருப்புக் காட்டி, அதற்கும் மசியாததால் அறுத்தே எடுத்தார்கள். பழைய புஷ்ஷோடு அதைத் தாங்கிய இரும்பும் பொலபொலவென்று உதிர்ந்தது.

“மாமா, புஷ் இருக்கு. அதை மாட்டத்தான் இடமில்ல.”

“வெல்டு வெச்சுப் பாருடா.”

“எதுமேல வெக்கிறது? நெருப்பு பட்டாலே ஓட்டையாகுது. அக்காவை வெச்சுக்கிட்டு இதை ஓட்டாதீங்க.”

வீட்டுக்கு வந்து கை கழுவினார். துருக்கறை போகவில்லை.

“வேன் சரியாயிடுச்சா?” என்று கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, இல்லையென்று தலையாட்டினார்.

“விடுங்க. இனிமே ஆஸ்பத்திரிக்கு வேணாம். நான் இப்படியே படுத்துக்கிறேன்.”

அவர் வேன் சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.