பாதை நடு ஆற்றில் நின்ற வெள்ளிக்கிழமை

எங்கள் கிறிஸ்தவ சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எழுதியும் தா என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

போன மாசி மாதம் என் கையில் ஒரு கடிதம் இருந்தது. என்னுடைய இறுதி வருட ஆய்வை அடுத்த வருடத்துக்கு ஒத்திவையுங்கள் என்று நானே எழுதிய கடிதம். அப்போது பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வை முடிக்காமல் பட்டம் இல்லை. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் போய்விட, நான் மட்டும் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதும்போது அழுகைகூட வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. அப்பா வேளாண்மை செய்கிறவர், எழுத்து வாசிப்பு குறைவு. ஒரு நாள் அவருடைய போனில், குரலால் கேட்டால் பதில் சொல்லும் வசதியைக் காட்டிக் கொடுத்தேன். "மறுகா எப்ப மழ வரும்?" என்று கேட்டார். பிறகு என்பதை நாங்கள் மறுகா என்போம். போன் அதை 'மருதா' என்று எழுதி, யாரோ மருதா என்ற பெண்ணின் படங்களைக் காட்டியது. அப்பா போனைக் கீழே வைத்தார். "இது நம்மளோட பேசுற சாமான் இல்ல மகள்" என்றார்.

எங்கள் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளைச் செய்வது என்று அன்று முடிவெடுத்தேன்.

மேற்பார்வை செய்த விரிவுரையாளர் என் திட்டத்தை இரண்டு தரம் திருப்பித் தந்தார். முதலில், "இது மிச்சம் பெரிசு, சுருக்குங்க" என்றார். சுருக்கினேன். "இப்ப இதில ஆய்வு எங்க இருக்கு?" என்றார். மூன்றாம் தரம், வேளாண்மை பற்றிய பேச்சு மட்டும், நாற்பது பேரின் குரல், என்று ஒப்புக்கொண்டார்.

குரல் சேர்க்கப் போனபோதுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. கேள்விகளை அச்சடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். போனை நீட்டியவுடன் எல்லோரும் வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் உள்ளே போய்ச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார், குரல் மட்டும்தான் பதிவாகும் என்று சொல்லியும். இரண்டு மாதம் அலைந்தேன். மென்பொருள் அந்தச் செய்தி வாசிப்பை நன்றாகப் புரிந்துகொண்டது. அப்பா பேசினால் மட்டும் குப்பையாக எழுதியது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதிவுகள் வராவிட்டால் ஒத்திவைக்கத்தான் வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார்.

சபையில் ஜெபிக்கக் கேட்டேன். "பொறுமையா இரு தங்கச்சி" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நான் சும்மா இருந்துபோட்டுக் கேட்கல்ல. எல்லாம் செய்துபோட்டுத்தான் கேக்கிறன். உமக்குக் கேக்குதா இல்லையா?" என்றேன். ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்துவிட்டேன். பிறகுதான் கடிதத்தை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை அதைக் கொடுக்கப் புறப்பட்டேன். வாவியைக் கடக்க எங்கள் பக்கத்தில் பாதை ஓடுகிறது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக ஏறும் மிதவை. வாவியை நாங்கள் ஆறு என்போம். நடு ஆற்றில், தண்ணீருக்குள் சுழலும் அதன் காற்றாடியில் ஆகாயத்தாமரை என்கிற ஆற்றுவாழை சுற்றிக்கொண்டது. இயந்திரம் நின்றது. "இதுவுமா ஆண்டவரே?" என்று வாய்விட்டே கேட்டேன். விரிவுரையாளருக்கு அழைத்தேன். "திங்கக்கிழமை காலையில வாங்க. அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

அரை மணித்தியாலம் போனது. ஒரு விவசாயி கத்தத் தொடங்கினார். "வெட்டுற மிசின் வட்டைக்குள்ள வந்து நிக்குது, நான் இஞ்ச நிக்கிறன் கா!" மீன் கூடையோடு இருந்த அக்கா திருப்பிக் கொடுத்தார். "ஒள்ளுப்பம் பொறு கா. மறுகா கத்து."

வயல்வெளிக்கு வட்டை, கொஞ்சத்துக்கு ஒள்ளுப்பம், பிறகுக்கு மறுகா. இரண்டு மாதமாக நான் தேடிய பேச்சு என் காதுக்குப் பக்கத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். ஒப்புதல் படிவங்கள் பைக்குள்ளேயே இருந்தன. அச்சடித்த கேள்விகளை வெளியே எடுக்கவில்லை. இந்தப் போகம் வயலில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். செய்தி வாசிக்கிற குரல் ஒருவரிடமும் வரவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு கோபம்! மழை, பன்றி, பசளை, யானை என்று ஒருவர் விட ஒருவர் பிடித்தார். காத்தான்குடியிலிருந்து துணி விற்க வந்த ஒரு முஸ்லிம் நானா, "எங்கட பேச்சு கொஞ்சம் வேற மாதிரி. அதையும் எடுப்பீங்களா புள்ள?" என்று கேட்டார். "கட்டாயம் எடுப்பன் நானா" என்றேன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். பிறகு தோணிக்காரர்கள் வந்து இழுத்துப் போனார்கள். அதற்குள் இருபத்தாறு பேர் பேசியிருந்தார்கள். இறங்கும்போது நானா, "அல்லாஹ் உங்கட வேலைய லேசாக்குவான்" என்றார். மீதிப் பதினான்கு பேரைச் சனி ஞாயிறில், அதே போல வயல் வரம்பிலும் கடைவாசலிலும் பிடித்தேன்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் கேட்டுப் பார்த்தார். பதிவில் காற்றுச் சத்தம் இருப்பதாகச் சொன்னேன். "வயல்ல நிண்டு பேசுறவருக்கும் காத்து அடிக்கும்தானே" என்றார். கடிதத்தைக் கிழித்தேன்.

அதற்குப் பிறகும் எல்லாம் லேசாக நடக்கவில்லை. அந்தப் பேச்சுகளை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தட்டச்சு செய்யவே வாரக்கணக்கானது. முடிவில் என் மென்பொருள் இன்னமும் பிழை விடுகிறது. நேர்முகப் பரீட்சையில், முஸ்லிம் ஆட்களின் பேச்சில் ஏன் பிழை கூட என்று கேட்டார்கள். அவர்களில் நாலு பேர்தான் கிடைத்தார்கள், அது என் குறை என்றேன். சித்தியடைந்தேன், பட்டமும் கிடைத்தது. அந்தக் குறையை நிரப்ப இந்த வருடம் கீழ் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி என் ஆய்வைத் தொடர்கிறாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எனக்குப் பதில் கிடைத்த அன்று அந்த அக்காவின் மீன் பழுதாகிவிட்டது. வெட்டுற மிசினைக் கூப்பிட்டிருந்த விவசாயிக்கு ஒரு நாள் வீணானது. முன்பு எனக்காக மட்டுமே ஜெபிப்பேன். இப்போது ஒரே ஒரு தரம் முகம் பார்த்த அவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன்.

நீங்களும் ஏதோ ஒன்றில் சலித்து, கடவுளோடு பேசப் பிடிக்காமல் இருக்கலாம். மனம் ஆறட்டும், பிறகு ஜெபிப்போம் என்று காத்திராதீர்கள். அந்த எரிச்சலோடேயே போய்ச் சொல்லுங்கள். என்னிடம் அவர் கோபிக்கவில்லை. உங்களிடமும் கோபிக்க மாட்டார்.