தன் கைகளின் மேல் ஒரு பிராது

என் கணவருடைய வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தபோது நாங்கள் அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். சூடு பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமியிடம் பிராது எழுதிக் கட்டிப் பலன் பெற்ற பலர் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவு நேரானதாக இல்லை. சாமி எனக்குக் கொடுத்தார். அதே வாரத்தில், அதே சாமியிடம் கேட்ட இன்னொருத்திக்குக் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

2007, மாசி மகம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை. தேர்த் திருவிழாக் கடைகளை இன்னும் பிரித்து முடிக்கவில்லை. நான் விருத்தாசலத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளை வேலை. பீங்கான் ஃபியூஸ் அடுக்கிய இரும்பு வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளிச் சூளைக்குள் விடவேண்டும். அன்று வண்டி பின்னால் உருண்டு, அதன் கைப்பிடி அவருடைய இடது விலாவுக்குக் கீழே இடித்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு டீ குடித்து, மிச்ச வேலையையும் பார்த்திருக்கிறார். சைக்கிளில்தான் வீடு திரும்பினார். தோலில் சிராய்ப்புகூட இல்லை.

மறுநாள் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றார். இடிபட்டது வயிறு, வலிப்பது தோள். எங்களுக்கு அது புரியவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து சந்திரா அண்ணியை அழைத்து வந்தேன். அண்ணி என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். குடலேற்றம் எடுப்பதில் எங்கள் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். வாந்தி, வயிற்றுவலி என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றை நீவி, குடலை இடத்தில் உட்கார வைப்பதாகச் சொல்வார். பல குழந்தைகள் அழுகையை நிறுத்தித் தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

"வவுறு கல்லு மாரி இருக்குதுடா. குடலேத்தம்தான் இது. வேற ஒண்ணுமில்ல."

"பதமாக்கா. நான் என்ன களிமண்ணா, இந்தப் பெசை பெசையற?"

"களிமண்ணா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும். நீ சும்மா கெட."

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் அழுத்தி நீவினார். எண்ணெய் வாசம் வீடு முழுக்க இருந்தது. முடித்துவிட்டு, "எழுந்திரிச்சு நட, சரியாப் போயிருக்கும்" என்றார். என் கணவர் எழுந்தார். இரண்டடி வைத்தார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, கதவைப் பிடித்தபடியே சரிந்தார்.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே நாடி பார்த்த உடனே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். வழியெல்லாம் அண்ணி தன் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். எண்ணெய் எப்போதோ போய்விட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்கேனில் தெரிந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது. இடது பக்கம் விலாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த உறுப்பில் ரத்தம் நிறைய ஓடுமாம். அது கிழிந்து ரத்தம் உள்ளே தேங்கினால் வலி தோள்பட்டையில் தெரியுமாம். மருத்துவர் சின்ன வயசுப் பெண். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

"அடிபட்டதுக்கு அப்புறம் யாராச்சும் வயித்த அமுக்கினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார். "நான்தாங்க. இந்தக் கையாலதான்."

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அண்ணிக்கு நன்றாக இருந்திருக்கும். "அதனால கூடுதலாக் கிழிஞ்சிருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இனிமே யாருக்கும் செய்யாதீங்கம்மா" என்றார். பிறகு என்னிடம், "ரத்தம் ஏத்தறோம். இப்ப பிரஷர் நெலையா நிக்குது. ஆபரேஷன் வேணாம். காத்திருந்து பாக்கலாம்" என்றார்.

காத்திருப்பதா! உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. படித்தவள் என்ற திமிரும் இருந்தது. "மண்ணீரல் கிழிஞ்சா எடுத்துடணும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன் டாக்டர். அது இல்லாமலே மனுஷன் உயிரோட இருக்கலாம்னும் போட்டிருந்தது."

"எந்த வருஷத்துப் புஸ்தகம்ங்க?"

எதை எடுத்தாலும் முதலில் பதிப்பித்த ஆண்டைப் பார்க்கிறவள் நான். அதைப் பார்க்காமல் படித்திருந்தேன்.

அவர் நின்றபடியே பொறுமையாக விளக்கினார். அந்தக் காலத்தில் எடுத்துவிடுவதுதான் வழக்கமாம். மண்ணீரல் கிருமிகளை வடிகட்டுகிற உறுப்பு; அதை எடுத்தவர்களில் சிலர், குறிப்பாகக் குழந்தைகள், பிற்பாடு சாதாரணத் தொற்றிலேயே இறந்துபோனதைக் கவனித்தார்கள். அதனால் முதலில் குழந்தைகளிடம் கத்தி வைக்காமல் காத்திருந்து பார்த்தார்கள். பல கிழிசல்கள் தாமாகவே ஆறின. பிறகு பெரியவர்களிடமும் பார்த்தார்கள். பல நாடுகளில், பல ஆண்டுகள், பல ஆராய்ச்சிகள். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் காத்திருக்கலாம். விழுந்தால் உடனே திறக்க வேண்டும். "சும்மா பாத்துக்கிட்டு இருக்கறதில்லம்மா இது. ஒவ்வொரு மணி நேரமும் பாக்கறோம்" என்றார்.

புத்திக்குப் புரிந்தது. மனசு கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர் அசையாமல் கிடந்தார். என்னை உள்ளே விட்டபோது மெதுவாகச் சொன்னார். "சூளைய மூடிட்டு ஆறற வரைக்கும் பாக்கற மாரி என்னியப் பாக்கறாங்க." சிரிக்க முயன்றார். வலித்தது போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் பெண்ணாடத்துக்காரர் ஒருவர். கரும்பு ஏற்றும் வேலை. டிராக்டர் பின்னால் வந்தபோது டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவருக்குக் கல்லீரல் கிழிந்திருந்தது. அவர் மனைவி அஞ்சலை வராந்தாவில் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் சோறு இருந்தால் அவளுக்கும், அவளிடம் டீ இருந்தால் எங்களுக்கும் என்று ஆகிவிட்டது. அவள்தான் முதலில் பேச்சை எடுத்தாள். "எங்க மாமியாரு கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்துட்டாங்க. நீங்க இன்னும் கட்டலியா? விருத்தாசலத்துக்காரங்க, கோயில பக்கத்துலயே வெச்சிக்கிட்டு!"

அண்ணி அப்போதே எழுந்தார். "ஆபரேஷன் நடக்கணும், நல்லபடியா நடக்கணும்னு எழுதச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். காத்திருப்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் நம் குறையைச் சாமிக்கு வழக்காக எழுதிக் கொடுக்க வேண்டும். சந்நிதியில் வைத்துத் திருநீறோடு மடித்துக் கொடுப்பார்கள். அதை அங்கே காவல் தெய்வமான முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்ட வேண்டும். வழக்கு என்றால் எதிராளி வேண்டும் அல்லவா? திருடியவன் மேல், ஏமாற்றியவன் மேல் என்று கொடுப்பார்கள். அண்ணி மறுநாள் திரும்பி வந்து சொன்னார்.

"யாரு மேல பிராதுன்னு எழுதறவரு கேட்டாரு. என் கை மேலன்னு சொன்னேன். அப்புடியெல்லாம் குடுக்கறதில்லம்மான்னாரு. எழுதுங்க, சாமி பாத்துக்கட்டும்னேன்."

"நான் சொன்னத எழுதலியா அண்ணி?"

"ஆபரேசனு வேணுமா வேணாமான்னு நமக்கு என்னாடி தெரியும்? இந்தக் கை செஞ்சதுக்குக் கையத் தண்டிச்சிக்க, என் தம்பிய உட்டுடுன்னு எழுதச் சொன்னேன்."

அன்றிலிருந்து அண்ணி தம்பியைத் தொடவில்லை. தண்ணீர் கொடுப்பதென்றாலும் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அதற்கடுத்த காலையில் இரண்டு கட்டில்களிலும் நிலைமை மோசமானது. என் கணவருக்குப் பிரஷர் இறங்கியது. ஆபரேஷனுக்கு ஆயத்தம் செய்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். அஞ்சலையிடமும் வாங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றோம். நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கொளஞ்சியப்பா, கத்தியோ காத்திருப்போ, உனக்கு எது சரியோ அதைச் செய், எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று அதற்கு முன் நான் சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

அஞ்சலையின் கணவரை உள்ளே கொண்டுபோனார்கள். என் கணவருக்கு இன்னும் ரத்தம் ஏற்றியபடி, தள்ளுவண்டியிலேயே வைத்து மருத்துவர் மறுபடி மறுபடி பார்த்தார். பிரஷர் ஏறியது. நிலையாக நின்றது. "கொஞ்சம் பொறுக்கலாம்" என்று வண்டியைத் திருப்பச் சொன்னார். மதியத்துக்குள் என் கணவரின் முகத்தில் நிறம் வந்தது. பிரஷர் மறுபடி இறங்கவே இல்லை.

அஞ்சலையின் கணவர் திரும்பி வரவில்லை. கல்லீரலின் காயம் ஆழமானது, அவர்கள் எல்லாம் செய்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம் அவள் போட்ட சத்தம்தான். என் கணவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தியும் அந்தச் சத்தமும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தன. இன்றுவரை என்னால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அவளுடைய மாமியார் கட்டிய பிராதும் அதே வேலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தோம். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் கூடாது என்று மருத்துவர் சொன்னபடி என் கணவர் இருந்தார். ஆனி மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கிழிந்த இடம் ஆறியிருந்தது. மண்ணீரல் அதன் இடத்தில் முழுசாக இருந்தது. நான் கேட்ட ஆபரேஷனைச் சாமி கொடுக்கவில்லை. அது வேண்டியிருக்கவில்லை.

பலன் கிடைத்தால் ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அண்ணி மாட்டேன் என்றார். "அவன் பொழைச்சது சாமி புண்ணியம். கை செஞ்சது செஞ்சதுதான். வழக்கு அங்கியே கெடக்கட்டும்."

என் கணவர் விடவில்லை. "நீ வாபஸ் வாங்கலன்னா சாமி இன்னும் டூட்டியிலயே இருக்கும்க்கா. பாவம், வூட்டுக்குப் போவட்டும்." அதற்கும் அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பி வந்தார்.

கோயிலில் முனியப்பர் சந்நிதிக்கு எதிரே அஞ்சலை நின்றிருந்தாள். பொட்டில்லாத நெற்றி. எங்களைப் பார்த்தாள். என் பின்னால் நடந்து வந்த என் கணவரையும் பார்த்தாள். எனக்கு அவரை எங்காவது மறைத்துவிட வேண்டும் போலிருந்தது.

"நல்லா இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு" என்றேன்.

"ராஜினாமா குடுக்க வந்தேன். மாமியாருக்கு முடியல. நீயே குடுத்துட்டு வாடின்னு அனுப்பினாங்க."

அண்ணிதான் கேட்டார். "உனக்குத்தான் சாமி ஒண்ணும் செய்யலியேம்மா. நீ எதுக்கு ராஜினாமா குடுக்கற?"

"செய்யல." வேலில் தொங்கிய சீட்டுகளைப் பார்த்தாள். "டிராக்டரு ஓட்டின பையன் மேலதான்க்கா பிராது. காலையில கண்ணு முழிச்சா அவன் மூஞ்சிதான் வருது. அவனுக்கு என்னா ஆவும், எப்ப ஆவும்னே குந்திக்கிட்டு இருக்கேன். எம் புள்ளைங்களுக்குச் சோறு பொங்கணும்க்கா நான். போனவரு வரப் போறதில்ல. அவனும் வேணும்னு இடிக்கல."

அண்ணி தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"நீங்க யாரு மேல குடுத்தீங்க?" என்று அஞ்சலை கேட்டாள். அண்ணி சொன்னார். அஞ்சலை அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டாள். "நல்லா இருக்குது போங்க! பொழைச்ச தம்பிய வெச்சிக்கிட்டுக் கை மேல வழக்கா? எனக்கு அந்தக் கொடுப்பன இருந்தா தெனம் சோறு ஊட்டி உட்டுருப்பேன் இந்தக் கையால. வாங்க."

இருவரும் சேர்ந்து போனார்கள். ராஜினாமா கொடுத்தார்கள். திருநீறு வாங்கினார்கள். அண்ணி திரும்பி வந்து தம்பியின் நெற்றியில் பூசினார். பிறகு தயங்கித் தயங்கி, சட்டைக்கு மேலேயே, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

அண்ணி இப்போது யாருக்கும் குடலேற்றம் எடுப்பதில்லை. குழந்தையைத் தூக்கி வந்தால், "எங்கியாச்சும் உழுந்துதா, அடிபட்டுதா?" என்று முதலில் கேட்கிறார். ஆமாம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறார். நான் மாறியது வேறு விதம். கத்தி வைக்காமல் காத்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கற்றுக்கொண்டது எப்படி என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். அப்படிக் காத்திருந்து பார்த்ததில் ஆறியவர்களும் இருந்திருப்பார்கள், ஆறாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். பெயர் தெரியாத அந்த எல்லோராலும்தான் என் கணவர் இன்று உயிரோடு இருக்கிறார். சாமி கும்பிடும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

அஞ்சலைக்கு ஏன் இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததைப் போல் எழுத மாட்டேன். எனக்குக் கொடுத்தது கொளஞ்சியப்பர்தான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நீங்களும் நம்பிப் போங்கள். வயிற்றில் அடிபட்டவரை எண்ணெய் தொட்டு நீவாதீர்கள். ஒருவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இன்னொருவர் மணவாளநல்லூருக்கு பஸ் ஏறுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவள் வீட்டுக்காரர் பெயரையும் கேட்டுக்கொண்டு போங்கள்.