ஆயிரத்தொன்பதாவது பிள்ளை

விளையாட்டு விழா நெருங்கிவிட்ட நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கூடிப்போனது. கலஹா தோட்டத்திலிருந்து மூன்றாம் வகுப்புக்கு வந்த புஷ்பராணி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ தலைவலி.

நான் அப்போது கண்டியில் கணித ஆசிரியர். உடற்பயிற்சிக் காட்சிக்கு வரிசை பிரிப்பதும் என் தலையில்தான் விழுந்தது. மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் நிற்க வேண்டும் என்பது அதிபரின் ஆசை. ஆயிரத்தெட்டுப் பேர், வரிசைக்கு முப்பத்தாறாக இருபத்தெட்டு வரிசை. தங்கமான எண் அது. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். கோயிலில் அர்ச்சனைக்கும் சங்காபிஷேகத்துக்கும் அதுதான் கணக்கு. அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், பக்திமான். அவருக்கு வாயெல்லாம் பல்.

ஒன்று கூடியதும் எல்லாம் போச்சு. ஆயிரத்தொன்பது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது. எப்படி நிறுத்தினாலும் செவ்வகம் வராது.

"புதுப்பிள்ளை பந்தலுக்கை இருக்கட்டும், மாஸ்டர்," என்றார் அதிபர். "பயிற்சியும் இல்லைத்தானே. ஆயிரத்தெட்டு அமைஞ்சு வந்திருக்கு, ஏன் கெடுப்பான்?"

அதைச் சொல்லத்தான் புஷ்பராணியிடம் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "சேர், எனக்கு எந்த எடம்?"

"நாளைக்குச் சொல்றேன்மா," என்று திரும்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

கெலிஓயா பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பரீட்சைக்குப் படித்து மறந்த விதி ஒன்று ஞாபகம் வந்தது. நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களாக, அதாவது இரண்டு சதுரங்களாகப் பிரிக்கலாம். அதுவும் ஒரே ஒரு வழியில். மனக்கணக்காய்ப் போட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு இருபத்தெட்டு எழுநூற்றெண்பத்து நான்கு. மிச்சம் இருநூற்றிருபத்தைந்து. அது பதினைந்து பதினைந்து. தனியாகச் சிரித்தேன் போலிருக்கிறது, பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் அதிபருக்கு வெண்கட்டியால் வரைந்து காட்டினேன். பெரிய பிள்ளைகள் பெரிய சதுரம், முன்னால் சின்னவர்கள் சின்னச் சதுரம்.

"ஒருத்தரும் மிச்சமில்லையோ?"

"இல்லீங்க சேர்."

"அப்ப சரி," என்றார்.

விழாவன்று கல்விப் பணிப்பாளர் வந்து கதிரையில் அமர்ந்துவிட்டார். கலஹா பஸ் வரவில்லை. அந்த வழியாக வருவது புஷ்பராணி ஒருத்திதான். சின்னச் சதுரத்தின் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. மைதானத்தில் நின்றது சரியாக ஆயிரத்தெட்டுப் பேர். பழகிய பழைய வரிசைக்கு மாற்ற அதிகநேரம் பிடிக்காது. அதிபரின் சொல்லுக்குக் காத்து நின்றேன்.

அவர் பணிப்பாளரிடம் குனிந்தார். "ஒரு பிள்ளை வரவேணும், சேர். கொஞ்சம் பொறுங்கோ."

எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். கடைசியில் கேற்றடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, தன் இடத்தில் நின்று, கைகளை நேராக்கினாள். அதிபர் மேளத்துக்குக் கைகாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று என்பது சின்ன எண் என்று அதன் பிறகு எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.