அப்பாவின் தொடையில் இருந்த தகடு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். எழுத உட்கார்ந்தால் எதை முதலில் சொல்வது என்றே விளங்கவில்லை. முன்னும் பின்னுமாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா கன்னிவாடிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கிணறு வற்றி வெள்ளாமை பொய்த்தபின் தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, கூட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்தார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள் கழித்துப் போடும் இயந்திரப் பாகங்களை வாங்கி விற்றார். அதுவே பிறகு பழைய இரும்புக் கடை ஆனது. கடையில் இரும்பு ஒரு குவியல். செம்பு, பித்தளை, அலுமினியம் தனித்தனிக் குவியல். என்ன வகை என்று தெரியாதவை மூலையில் கிடக்கும்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் காந்தம் வைப்பார். பிடிக்காவிட்டால் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, உள்ளே சிவப்பா, மஞ்சளா, வெள்ளையா என்று பார்ப்பார். அதிலும் தெளியாவிட்டால் சாணைச் சக்கரத்தில் வைத்து, பொறி எப்படிப் பறக்கிறது என்று கவனிப்பார். கிணற்று மோட்டாரிலிருந்து திருடிய செம்புக் கம்பியை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடமாட்டார். "எந்தச் சம்சாரி வயித்துல அடிச்சுக் கொண்டாந்தியோ, எடுத்துட்டுப் போயிரு" என்று விரட்டுவார். கோபக்காரர்தான், மறுக்கவில்லை. அந்தக் கோபத்தால்தான் கடைப் பெயர் கெடாமல் இருந்தது.

ஒருமுறை லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது வார்ப்பிரும்புச் சக்கரம் சரிந்து அப்பாவின் வலது தொடையெலும்பு முறிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தார். நடக்கத் தொடங்கியதும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தொடையைத் தட்டிக் காட்டி, "நம்ம சரக்கை எனக்கே மாட்டி விட்டுட்டாய்ங்க" என்று சிரிப்பார். கடைசியில் காய்ச்சல் என்று படுத்தவர், நெஞ்சில் சளி கட்டி, நாங்கள் சுதாரிப்பதற்குள் போய்விட்டார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் பாலூற்றச் சென்றோம். மயான ஊழியர் அந்தத் தகட்டைக் கரியும் சாம்பலுமாக எடுத்து நீட்டி, "இதையும் அஸ்தியோட சேத்துக் கட்டவா, தனியாத் தரவா?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி வரும் என்று யார் நினைத்தது? தனியாக வாங்கிக்கொண்டோம். அஸ்தியை ராமேசுவரத்தில் கரைத்தோம். தகடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று தொடங்கிய குழப்பம் இது. "இரும்பைக் கடல்ல, ஆத்துல விடக் கூடாதும்மா, குடும்பத்துக்கு ஆகாது" என்றார் சித்தப்பா. யார் சொன்னது என்று கேட்டேன். "சொல்லுவாக" என்றார். அண்ணன் உடனே கடைக் காந்தத்தைக் கொண்டுவந்து தகட்டில் வைத்தார். பிடிக்கவில்லை. "பாருங்க சித்தப்பா, இரும்பே இல்ல. தாராளமா விடலாம்."

"எவர்சில்வர்லயும்தான் காந்தம் ஒட்டாது. அது இரும்புல செஞ்சது இல்லையா? அம்புட்டு வருசம் உங்கப்பன் கடையில இருந்து இதுதான் கத்துக்கிட்டியா?"

டாக்டர் டைட்டானியம் என்றதாக அண்ணனுக்கு ஞாபகம்; ஸ்டீல் என்றதாக எனக்கு. "எதுக்கு வம்பு, சாணையில வச்சுப் பாத்துருவோம்" என்று அண்ணன் தகட்டை எடுத்தார். அம்மா, "ஏலே, அது உங்கப்பா தொடைடா!" என்று போட்ட சத்தத்தில் அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வைகையில் விடலாம் என்று நான் சொன்னேன். "தண்ணியில்லாத வைகையில போட்டா, எவனாச்சும் பொறுக்கி நம்ம கடைக்கே எடைக்குக் கொண்டாந்துருவான்" என்றார் அண்ணி. துக்க வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஒரு முடிவுக்கும் வராமல், மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்தோம். ஓராண்டாக அங்கேயே இருக்கிறது. திவசம் நெருங்கியதும் மறுபடி அதே பேச்சு, அதே காந்தம், அதே சண்டை.

அப்பாவை மீண்டும் நடக்க வைத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், கடைசி நாள்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கடையை அடைக்கவிடாமல் பார்த்துக்கொண்ட தொழிலாளர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பூட்டுப்பட்டறை நண்பர்களுக்கும், கொடைரோட்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இவ்வளவும் எழுதிவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தப்பாவும் அண்ணனும் அருகில் இருந்தார்கள். தகட்டைப் பற்றிய பகுதி முடிந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

"இரும்போ செம்போ, அது எனக்கு எதுக்கு? அதை வச்சுத்தானே அவரு நடந்தாரு. போன எடத்துல எதை வச்சு நடப்பாரு? கைத்தாங்கலாப் புடிக்க நானும் அங்கன இல்ல."

ஓராண்டாக அம்மா இதை நினைத்துக்கொண்டே எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார். நாங்கள் உலோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். செய்யப்போவது சாத்திரப்படி சரியா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் தகட்டோடு ராமேசுவரம் போய் அதைக் கடலில் விட்டு வந்திருப்போம். வண்டி பேசியிருப்பவர் சித்தப்பா.