சுபாருவுக்குச் சாம்பிராணி

இன்று ஆயுத பூஜைக்குப் பக்கத்து வீட்டில் கார் கழுவியதைப் பார்த்ததும் தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த பருத்திப்பட்டு ஊர் நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் பழைய சுபாரு காரை நானும் மாமா மகன் சேகரும் வீட்டிலேயே பழுது பார்ப்போம். ஓர் ஆண்டு ஆயுத பூஜைக்கு பக்தி முற்றி, இன்ஜினையும் குளிப்பாட்டினோம்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. ராகு காலத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

“பிளக்குக்கு கரண்ட் பிரிக்கிற மூடிக்குள்ள தண்ணி பூந்துகீது மச்சான்” என்றான் சேகர்.

மூடியைக் கழற்றித் துடைத்தோம். ஈரம் போகவில்லை.

அம்மா சாம்பிராணித் தட்டோடு வந்தாள். “கொயந்தைக்கு தலைக்கு ஊத்தினா பொக காட்டுவோம்ல? இதுக்கும் காட்டு நைனா.”

மூடிக்குள் புகை காட்டினோம்; ஈரம் காய்ந்தது. மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. வண்டியை நகர்த்த, நான்கு எலுமிச்சையும் நசுங்கின.

உங்கள் வீட்டில் எந்த வண்டிக்காவது தலை காயவைத்தது உண்டா?