காற்றைப் பிடுங்கியது யார்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தில்லைநகரில் ஒரு தனியார் அலுவலகத்தில், வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ் அசலா போலியா என்று பார்க்கிற வேலை. முத்திரையில் ஓர் எழுத்து மயிரிழை விலகியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். இந்தக் குணத்தை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. பால்காரர் முதல் மாடி வீட்டுக்காரர் வரை யாரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானத்துக்கு மேல் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாரில் உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிவாக்கில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கிளம்புவேன். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் போலீஸ் ஊதச் சொன்னது. கோர்ட்டில் அபராதம் கட்டினேன், லைசென்ஸையும் சில மாதங்களுக்கு முடக்கிவிட்டார்கள். அத்தனை வண்டிகள் போகும்போது என்னை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்கு முன்னால் சட்டத்தைப் படித்தேன். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது மோட்டார் வைத்த வண்டியைத்தான். சைக்கிளுக்கு மோட்டாரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது, முடக்குவதற்கும் ஒன்றும் இல்லை. பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு மனைவியிடம் சொன்னேன். அவள் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ்.

"சைக்கிள்லேர்ந்து விழுந்தவங்களையும் எங்ககிட்டதாங்க தூக்கிட்டு வராங்க. மண்டை உடையறதுக்கு மோட்டார் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஒரு சனிக்கிழமை அவள் சொன்ன மாதிரியே விழுந்தேன். காவிரிப் பாலத்தில் ஓர் இணைப்புப் பள்ளத்தில் முன்சக்கரம் தட்டியது. மற்ற நாளாக இருந்தால் காலை ஊன்றியிருப்பேன். அன்றைக்குக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் என் தலைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. ஆனாலும் பாலத்து முனையிலிருந்து ஓடிவந்த ஏட்டிடம், தரையில் உட்கார்ந்தபடியே, சைக்கிளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதாடினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிங்க சார், மோட்டார் கேஸ் போடலை. பொது இடத்துல குடிச்சுட்டு இப்படி ரோட்டை மறிச்சா அதுக்குத் தனியா கேஸ் இருக்கு, அதைப் போடவா? பஸ்ஸு ஏறியிருந்தா ஆஸ்பத்திரியில வாடை அடிச்சுதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் தப்பு யார் மேலன்னு உங்க வீட்டம்மா கோர்ட்டு கோர்ட்டா அலையணும். உருட்டிக்கிட்டே போங்க."

வீட்டில் ஆபீஸ் படியில் வழுக்கிவிட்டது என்றேன். மனைவி சிராய்த்த முழங்கையைக் கழுவி, ஒட்டியிருந்த கறுப்புத் துகள்களைச் சிறிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"உங்க ஆபீஸ் படிக்கு எப்ப தார் போட்டாங்க?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பாரிலிருந்து வெளியே வந்தால், முன்சக்கரத்தில் காற்றே இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் அடித்துக்கொண்டு கிளம்பினேன். அதற்கடுத்த வாரம் காற்றோடு வால்வையும் காணோம். பஞ்சர் கடையும் பூட்டியிருந்தது. பாலம் முழுக்க உருட்டிக்கொண்டு நடந்தேன்.

முதல் சந்தேகம் ஏட்டு மேல். சட்டம் பேசியதற்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரம் அவர் பாலத்து முனையை விட்டு நகரவே இல்லை என்று அங்கே கடை போட்டிருந்த இளநீர்க்காரர் சொன்னார். இளநீர்க்காரரையும் முழுக்க நம்பவில்லை. பிறகு சந்தேகம் பாரில் பரிமாறுகிறவர் மேல் திரும்பியது. முன்னெச்சரிக்கையாகப் புது வால்வு ஒன்றை வாங்கி, முதல் நாள் ராத்திரியே சட்டைப் பையில் போட்டு வைத்தேன். சனிக்கிழமை பாரிலிருந்து வெளியே வந்து பையில் கையை விட்டால் அதையும் காணோம். அன்றைக்கு என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவர் ஒருவர்தான், பன்னிரண்டு வருட நண்பர். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "ஒரு வால்வைத் திருடி நான் என்னங்க பண்ணப் போறேன்?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்காரவே இல்லை.

அதற்கப்புறம் பஞ்சர் கடையும் சனிக்கிழமை சாயங்காலங்களில் திறக்கவே இல்லை, வாரம் தவறாமல் உருட்டினேன். பாலத்துக் காற்று முகத்தில் அடிக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கும். திருடனைத் திட்டிக்கொண்டே போவேன். வீடு வந்து சேரும்போது போதை முக்கால்வாசி இறங்கியிருக்கும். மனைவி எனக்குச் சற்றுப் பின்னால்தான் வந்து சேருவாள், பஸ் கிடைக்கவில்லை என்பாள்.

கடைசியில் பொறி வைத்தேன். ஒரு சனிக்கிழமை சைக்கிளை வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, பாருக்குள் போகாமல் எதிரே டீக்கடையின் உள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று டீ குடித்தேன். சைக்கிள் பக்கம் போன ஒவ்வொருவரையும் திருடனாகவே பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு மேல் என் மனைவி வந்தாள். சைக்கிள் பக்கத்தில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். ஊசி போட்டுப் பழகிய கை, ஒரு நொடிதான் ஆனது. வால்வைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பூக்கடைப் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கி, பார் வாசலைப் பார்த்தபடி நின்றாள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்த்தவள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. அவள் பார்க்காத நேரமாக டீக்கடையை விட்டு வெளியே வந்து, பாரிலிருந்து வருகிறவன் போல சைக்கிளை எடுத்து உருட்டினேன். பாதிப் பாலத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி, நடைபாதையில், முழங்கையில் பையை மாட்டிக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட எனக்குப் பின்னால் பார்க்கவில்லை.

அவள் கிட்டே வரும்வரை நின்றேன். "எத்தனை நாளா?" என்றேன்.

"நீங்க படியில வழுக்கி விழுந்ததுலேர்ந்து."

"சட்டைப் பையில இருந்த வால்வு?"

"காலையில சட்டையை இஸ்திரி போட்டது யாருங்க?"

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற பாருக்குப் போவீங்க. எனக்கு இடம் தெரியாமப் போயிடும்."

"இன்னைக்கு நான் குடிக்கலை" என்றேன். அவள் முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஊதுங்க."

பாலத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருக்க, ஊதினேன். வெறும் டீ வாடைதான் வந்திருக்கும். அவள் கண் கலங்கியது, ஆனால் வால்வைத் திருப்பித் தரவில்லை. பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வரச் சொன்னேன்.

"நீங்க முன்னால போங்க" என்றாள். "பின்னாலேர்ந்து பார்த்தாத்தான் கால் தள்ளாடுதான்னு தெரியும்."